சம்பா நெல்லுக்கு இன்சூரன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் கூட்டுறவு சொசைட்டி வாசலிலும் பொது சேவை மையத்திலும் கூட்டம் நெரியும். ஒவ்வொருவர் கையிலும் அடங்கல் (சாகுபடிக் கணக்கு), சிட்டா (நில உரிமைக் கணக்கு), ஆதார் நகல். மன்னார்குடி பக்கத்தில் மூன்று ஏக்கர் சம்பா போடுகிறவன் நான். படிவம் நிரப்பத் தெரியும் என்பதால் வருடா வருடம் தெருவில் பத்துப் பேருக்காவது நிரப்பிக் கொடுக்கிறேன். அப்போது என்னிடம் கேட்கப்படுகிற கேள்விகள் இவை. பிரதம மந்திரி பயிர் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றியவைதான் பெரும்பாலும். டெல்டாவையும் நெல்லையும் மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

இது எப்போது வந்த திட்டம்? முன்பும் ஏதோ இருந்ததே?

இருந்தது. 1985-இல் விரிவான பயிர்க் காப்பீட்டுத் திட்டம் என்று ஒன்று வந்தது. 1999-இல் அதன் இடத்துக்குத் தேசிய வேளாண் காப்பீட்டுத் திட்டம் வந்தது. இப்போது நடப்பது 2016 காரீஃப் பருவத்தில் (ஜூன் வாக்கில் தொடங்குவது) தொடங்கியது. 2020 வரை பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கு இது கட்டாயம். கேட்காமலே கடன் கணக்கில் பிடித்துக்கொள்வார்கள். 2020 காரீஃப் முதல் எல்லோருக்கும் விருப்பம்தான்.

ஏக்கருக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?

விவசாயி கட்டும் பங்கு காரீஃப் உணவு தானியத்துக்கும் எண்ணெய் வித்துக்கும் 2 சதவீதம், ராபி பருவத்துக்கு (அக்டோபர் வாக்கில் தொடங்குவது) 1.5 சதவீதம். வாழை, வெங்காயம், கரும்பு மாதிரி பணப்பயிர், தோட்டப்பயிர்களுக்கு 5 சதவீதம். நம் சம்பா, தாளடி, பிசானம் எல்லாம் ராபி கணக்கில் வரும். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாம் கட்டுவது 540 ரூபாய். காப்பீட்டுத் தொகையை மாவட்டவாரியாக ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பார்கள். அதைப் பொறுத்து இது கொஞ்சம் ஏறும், இறங்கும்.

540 ரூபாயில் கம்பெனிக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. கம்பெனி உண்மையில் கேட்கும் ப்ரீமியம் இதைவிடப் பல மடங்கு. மீதியை மத்திய அரசும் மாநில அரசும் பங்கு போட்டுக் கட்டுகின்றன. 2020-க்குப் பிறகு மத்திய அரசு தன் பங்குக்கு ஒரு வரம்பு வைத்தது. பாசன நிலப் பகுதியில் 25 சதவீத ப்ரீமியம் வரைக்கும், மானாவாரியில் 30 சதவீதம் வரைக்கும்தான் அது பங்கு தரும். அதற்கு மேல் போனால் மாநிலத்தின் தலையில். நம் 1.5 சதவீதம் இதனால் மாறாது.

ஜூன் வாக்கில் தொடங்கும் குறுவை நெல் காரீஃப் கணக்கு, 2 சதவீதம். ஆனால் நம் மாநிலத்தில் குறுவைக்குக் காப்பீடே இல்லாமல் போன ஆண்டுகள் உண்டு. அறிவிப்பு வந்திருக்கிறதா என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுவிட்டு அலையுங்கள்.

என் வயல் முழுக்க முழுகிப் போனது. இன்சூரன்ஸும் கட்டியிருந்தேன். ஒரு பைசா வரவில்லை. இது ஏமாற்று இல்லையா?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். பதிலைக் கேட்டு மிக அதிகமாகக் கோபப்படுவதும் இதற்குத்தான். இந்தக் காப்பீடு அடிப்படையில் உங்கள் வயலைப் பார்ப்பதில்லை, உங்கள் வருவாய் கிராமத்தின் சராசரி மகசூலைப் பார்க்கிறது. பைக்குக்கு இன்சூரன்ஸ் போட்டால் என் பைக்கைத்தான் பார்ப்பார்கள். இங்கே ஊரிலுள்ள அத்தனை பேரின் பைக்கும் சேர்த்து எவ்வளவு அடிபட்டது என்று பார்க்கிறார்கள். படிவம் நீட்டுகிறவர் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

கணக்கு இப்படி. கடந்த ஏழு ஆண்டுகளில் உங்கள் கிராமத்தில் நல்ல மகசூல் கண்ட ஐந்து ஆண்டுகளை எடுத்துச் சராசரி போடுகிறார்கள். அதை 70, 80 அல்லது 90 சதவீதத்தால் பெருக்குகிறார்கள். எந்தச் சதவீதம் என்பது பயிருக்கும் பகுதிக்கும் அறிவித்தபடி. வருவதற்குப் பெயர் உத்தரவாத மகசூல். இந்த ஆண்டின் கிராமச் சராசரி அதற்குக் கீழே போனால் எவ்வளவு கீழே போனதோ அந்த விகிதத்தில் பணம்.

ஓர் உதாரணம். ஐந்து ஆண்டுச் சராசரி ஹெக்டேருக்கு 5,000 கிலோ. உத்தரவாதம் 80 சதவீதம் என்றால் 4,000 கிலோ. இந்த ஆண்டு கிராமச் சராசரி 3,000 என்று வந்தால் குறைவு 1,000, அதாவது கால் பங்கு. 36,000-இல் கால் பங்கு 9,000 ரூபாய், ஏக்கருக்கு. கிராமத்தில் காப்பீடு செய்த எல்லோருக்கும் அதே 9,000. வடிகால் ஓரத்தில் நிலம் வைத்து எல்லாவற்றையும் இழந்தவருக்கும் 9,000, மேட்டு நிலத்தில் முப்பது மூட்டை கண்டவருக்கும் 9,000.

இதையே திருப்பிப் பாருங்கள். கிராமச் சராசரி 4,100 என்று வந்துவிட்டால் பள்ளத்து வயல்காரருக்கு ஒன்றுமில்லை.

பெரிய வறட்சியில் இந்த முறை ஓரளவு சரியாகவே வேலை செய்யும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. அது எல்லா வயலையும் ஒன்றுபோலக் காயவைத்த ஆண்டு. அப்படிப்பட்ட ஆண்டில் கிராமச் சராசரியும் நம் வயலும் ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளம் அப்படி வராது. ஒரு வாய்க்கால் உடைந்தால் இந்தப் பக்கம் இருபது மா (ஒரு மா ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) போகும், அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று நிற்கும். டெல்டாவில் மனக்கசப்பு இவ்வளவு இருப்பதற்குக் காரணம் இதுவென்றுதான் நினைக்கிறேன்.

அப்படியென்றால் என் தனி வயலுக்கு நஷ்டஈடு கிடைக்கவே வழியில்லையா?

குறுகலாக ஒரு வழி உண்டு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, மின்னலால் பிடித்த தீ, வெள்ளம் தேங்குதல் ஆகியவற்றை உள்ளூர்ப் பேரிடர் என்கிறார்கள். இவற்றுக்குத் தனித்தனி வயலாகப் போய்ப் பார்ப்பார்கள். ஆனால் நெல்லும் கரும்பும் தண்ணீரில் நிற்கிற பயிர் என்று சொல்லி, வெள்ளம் தேங்கும் இனத்திலிருந்து 2018-இல் அவற்றை எடுத்துவிட்டார்கள். டெல்டாக்காரருக்கு எது தேவையோ அதுவே போனது. கழுத்தளவு தண்ணீரில் ஒரு வாரம் நின்றால் எந்த நெல்லும் அழுகத்தான் செய்யும் என்று எத்தனையோ கூட்டங்களில் சொல்லிப் பார்த்தாயிற்று.

2025 நவம்பரில் மத்திய அரசு இதை மாற்றி அறிவித்தது. 2026 காரீஃப் முதல் நெல் வயலில் வெள்ளம் தேங்குவது மறுபடி உள்ளூர்ப் பேரிடரில் சேர்கிறது. காட்டுப்பன்றி, யானை போன்ற வனவிலங்குகளால் ஏற்படும் சேதமும் சேர்கிறது. எந்தெந்த விலங்கு, எந்தெந்த மாவட்டம் என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். இரண்டுக்கும் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். உங்கள் மாவட்டத்து அறிவிப்பில் இந்த அம்சங்கள் இருக்கின்றனவா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

72 மணி நேரம் என்றால் எப்போதிலிருந்து? யாரிடம் சொல்வது?

சேதம் நடந்ததிலிருந்து. மழை விட்டதும் பார்க்கலாம், தண்ணீர் வடியட்டும் என்று இருந்தால் மூன்று நாள் ஓடிவிடும். 14447 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பயிர்க் காப்பீட்டுச் செயலி இருக்கிறது. வங்கி, சொசைட்டி, வேளாண்மை அலுவலரிடமும் சொல்லலாம். எங்கே சொன்னாலும் பதிவு எண் ஒன்று வாங்காமல் விடாதீர்கள். வயல் வரப்பில் நின்றபடி போட்டோ எடுங்கள். போனில் லொகேஷன் போட்டு வைத்திருந்தால் படத்திலேயே இடம் பதியும். வீட்டுக்கு வந்து நினைவாக எடுத்த படம் எதற்கும் உதவாது.

அறுத்துப் போட்ட நெல் மழையில் நனைந்தால்?

அறுத்து வயலிலேயே காயப் போட்டிருக்கும் பயிருக்கு 14 நாள் வரை பாதுகாப்பு உண்டு. புயல், புயல் மழை, பருவம் தவறிய மழை, ஆலங்கட்டி இவற்றுக்கு. இதுவும் தனி வயல் கணக்குதான், மாநில அறிவிப்பில் இருந்தால்.

ஆனால் நாம் இப்போது யார் கையால் அறுத்துக் கட்டுக் கட்டிப் போடுகிறோம்? மெஷின் வந்து அறுத்து அப்படியே டிராக்டரில் கொட்டுகிறது. அங்கிருந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் பெய்த மாதிரி ஒரு மழை வந்து, கொள்முதல் நிலைய வாசலில் குவித்து வைத்த நெல் முளைத்துப் போனால் இந்தப் பிரிவில் வராது. வயலில் பரப்பிக் கிடக்க வேண்டும் என்கிறது விதி. விதி எழுதியவருக்கு அறுவடை மெஷின் கண்ணில் பட்டிருக்காது போலிருக்கிறது.

தண்ணீர் வராமல் விதைக்கவே முடியவில்லை என்றால்?

கிராமத்தில் 75 சதவீதத்துக்கு மேல் விதைக்க முடியாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் தருவார்கள். அத்தோடு அந்தப் பருவத்துக் காப்பீடு முடிந்தது. அப்புறம் தாமதமாகத் தண்ணீர் வந்து விதைத்து, அது அழிந்தாலும் கேட்க முடியாது. விதைப்பதற்கு முன்பே ப்ரீமியம் கட்டியவருக்குத்தான் இது பொருந்தும். அடங்கல் கிடைக்காத நிலையில் கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) தரும் விதைப்புச் சான்றை வைத்துக் கட்டலாம்.

பயிர் வளர்ந்த பிறகு நடுவில் வறட்சியோ வெள்ளமோ வந்து, எதிர்பார்க்கும் மகசூல் பாதிக்கும் கீழே போகும் என்று தெரிந்தால், வரப்போகும் இழப்பீட்டில் 25 சதவீதத்தை முன்பணமாகத் தரவும் விதி இருக்கிறது. அதுவும் கிராம அளவில்தான் முடிவாகும்.

கிராமச் சராசரியை யார், எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பயிர் அறுவடைப் பரிசோதனை மூலம். பெரும்பாலானது இதில்தான் தொங்குகிறது. இதைப் போய்ப் பார்க்கிறவர்களோ மிகக் குறைவு.

ஒரு கிராமத்தில் நெல்லுக்கு நான்கு வயல்களைச் சர்வே எண் பட்டியலிலிருந்து குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்த வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் அளந்து கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். 25 சதுர மீட்டர் என்பது ஹெக்டேரில் நானூறில் ஒரு பங்கு. அந்தச் சதுரத்தில் பத்துக் கிலோ வந்தால் ஹெக்டேருக்கு 4,000 கிலோ என்று பதிவாகும். ஈரப்பதத்துக்காகக் கொஞ்சம் கழிப்பார்கள்.

அரைக்கிலோ வித்தியாசம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். 400 நடுவில் இருக்கிறது அல்லவா, அரைக்கிலோ 200 கிலோவாகிவிடும். அதனால் உங்கள் ஊரில் சோதனை என்றைக்கு, எந்த வயலில் என்று விசாரித்து வைத்துக்கொண்டு நாலு பேர் போய் நில்லுங்கள். கயிறு நேராகக் கட்டப்படுகிறதா, தராசு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். காப்பீட்டுக் கம்பெனி ஆளும் அங்கே நிற்பார், அது அவர் உரிமை. நாமும் நிற்கலாம். யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆள் நிற்கிற இடத்தில் வேலை ஒழுங்காக நடக்கும், அவ்வளவுதான்.

பக்கத்து வயல்காரருக்குப் பணம் வந்தது, எனக்கு வரவில்லை. வரப்பு ஒன்றுதானே?

வரப்பு ஒன்றாக இருக்கலாம், வருவாய் கிராமம் வேறாக இருக்கும். ஊர் எல்லையில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. நீங்கள் எந்த ஊரில் குடியிருக்கிறீர்கள் என்பதை யாரும் பார்ப்பதில்லை. நிலம் எந்த வருவாய் கிராமக் கணக்கில் இருக்கிறதோ அந்தக் கிராமத்துச் சராசரி. நெல் தவிர்த்த பல பயிர்களுக்கு நம் மாநிலத்தில் வருவாய் கிராமத்துக்குப் பதில் பல கிராமங்கள் சேர்ந்த பிர்கா கணக்கு.

இன்னொரு காரணம், பதிவின்போது கிராமத்தையே மாற்றிப் போட்டுவிடுவது. எனக்கே நடந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றிய பையன் ஒரே மாதிரி பெயருள்ள இரண்டு கிராமங்களில் தவறானதைத் தேர்ந்துவிட்டான். ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன், படித்துப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு எங்கள் கிராமத்துக்கு இழப்பீடு வந்தது, என் ரசீதில் இருந்த கிராமத்துக்கு வரவில்லை. இப்போதெல்லாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவுன்ட்டரிலேயே நின்று படித்துவிட்டுத்தான் நகர்கிறேன். கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பயிர், வங்கிக் கணக்கு எண் ஆகிய ஆறையும் பாருங்கள்.

என்னென்ன கொண்டு போக வேண்டும்?

நடப்புப் பசலிக்கான அடங்கல், சிட்டா, ஆதார் நகல், வங்கி பாஸ்புக்கின் முதல் பக்கம், விண்ணப்பப் படிவம். பசலியை, அதாவது வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கைக் கவனியுங்கள். அது ஜூலையில் தொடங்கும். 2025 ஜூலையிலிருந்து 2026 ஜூன் வரை 1435. போன ஆண்டு வாங்கிய அடங்கலைக் கொண்டுபோய்த் திரும்பி வருகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

நாம் மா கணக்கில் பேசுகிறோம், படிவம் ஏக்கரிலோ ஹெக்டேரிலோ கேட்கும். ஒரு மா 33 சென்ட், மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர், ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். விதைத்த பரப்புக்கு மேல் போட்டால் அதிகமாக வரும் என்று நினைக்க வேண்டாம். கிராமத்தில் சாகுபடி ஆன பரப்பைவிடக் காப்பீடு செய்த பரப்பு கூடிவிட்டால் எல்லோருடைய இழப்பீட்டையும் அந்த விகிதத்தில் குறைத்துவிடுவார்கள்.

பொது சேவை மையத்தில் பதிவுக்குத் தனிக் கட்டணம் கிடையாது, ப்ரீமியம் மட்டும்தான்.

கடைசித் தேதி எது?

டெல்டா சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் 15. நீட்டித்த ஆண்டுகள் பல உண்டு. அதை நம்பி இருக்காதீர்கள். கடைசி இரண்டு நாள் சர்வர் நகராது. அடங்கல் தர விஏஓவும் ஒருவர்தான், பல ஊரைப் பார்க்கிறார்.

கடன் வாங்கியிருக்கிறேன். இன்சூரன்ஸ் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

முடியும். கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்பே வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பிடித்தம் நடக்கும். பிடித்தம் ஆகிவிட்டது என்று தெரியாமல் சேவை மையத்திலும் போய்க் கட்டுகிறவர்கள் உண்டு. ஒரே நிலத்துக்கு இரண்டு பதிவு வந்தால் சிக்கல் உங்களுக்குத்தான். பணம் பிடித்துவிட்டு வங்கியே பதிவு செய்யாமல் விட்டாலோ தப்பாக ஏற்றினாலோ, வரவேண்டிய இழப்பீட்டை அந்த வங்கியே தர வேண்டும் என்பது விதி. பிடித்தம் ஆன பக்கத்தைப் பாஸ்புக்கில் பதிந்து வைத்திருங்கள்.

குத்தகை நிலம். பட்டா என் பேரில் இல்லை. கட்டலாமா?

கட்டலாம். திட்டத்தில் குத்தகைதாரருக்கும், விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரதாரருக்கும் இடம் உண்டு. அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயர் உங்களுடையதாக இருக்க வேண்டும். கோயில் நிலம், மடத்து நிலம் என்றால் குத்தகை ரசீது இருக்கும், பெரும்பாலும் சிக்கலில்லை. வாய்ப்பேச்சுக் குத்தகையில்தான் கஷ்டம். அடங்கலில் உன் பெயர் ஏறினால் நாளைக்கு உரிமை கேட்பாய் என்று நிலக்காரர் பயப்படுவார். அவரே தன் பெயரில் காப்பீடு போட்டுக்கொண்டு, உழுதவனுக்குக் கொடுக்காமல் இருப்பதும் நடக்கிறது. நான் சொல்கிற வழி ஒன்றுதான். நாற்று விடும் முன்பே, பேச்சு சுமுகமாக இருக்கும்போதே இதைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

அரசு ஏக்கருக்கு நிவாரணம் என்று அறிவிக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. நிவாரணம் பேரிடர் நிதியிலிருந்து வருவது. உங்கள் வயலில் 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று வருவாய்த் துறையும் வேளாண் துறையும் கணக்கெடுத்தால் கிடைக்கும். அதற்கு இன்சூரன்ஸ் கட்டியிருக்க வேண்டியதில்லை. கணக்கெடுப்பு வந்ததால் இன்சூரன்ஸும் வரும் என்று நினைப்பது தப்பு. நிவாரணம் வாங்கியதால் இன்சூரன்ஸ் போய்விடும் என்று பயப்படுவதும் தப்பு.

தென்னைக்கு?

இந்தத் திட்டத்தில் வராது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கம் அதைத் தெரிந்துகொண்டவர்கள் நிறைய. தென்னை வளர்ச்சி வாரியத்தின் தென்னை மரக் காப்பீடு தனி. 4 முதல் 15 வயது மரத்துக்கு ஆண்டு ப்ரீமியம் 9 ரூபாய், 16 முதல் 60 வயது மரத்துக்கு 14 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். அதிலும் கால் பங்குதான் விவசாயி கட்டுவது. கிடைப்பது மரத்துக்கு 900 அல்லது 1,750 ரூபாய். நட்டு வளர்த்தவருக்கு அது எந்த மூலைக்கு என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனாலும் இரண்டே கால் ரூபாய்க்கு 900 வேண்டாம் என்று விட்டவர்களும் நாம்தான்.

பணம் எப்போது வரும்? வராவிட்டால் எங்கே போவது?

மகசூல் விவரம் கம்பெனி கைக்குப் போய் மூன்று வாரத்தில் வர வேண்டும் என்பது விதி. நடப்பில், அரசு தன் பங்கு ப்ரீமியத்தைக் கட்டுவது தாமதமானாலும், மகசூல் கணக்கில் தகராறு வந்தாலும் மாதக்கணக்கில் இழுக்கும். அளவுக்கு மீறித் தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்றும் விதியில் இருக்கிறது.

முதலில் விண்ணப்ப எண்ணை வைத்துத் தேசியப் பயிர்க் காப்பீட்டு இணையதளத்தில் நிலையைப் பாருங்கள், அல்லது 14447-க்குப் பேசுங்கள். ஊரில் மற்றவர்களுக்கு வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால், பெரும்பாலும் ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பதில் குழப்பம் இருக்கும். பழைய கணக்கு ஒன்றில் பணம் கிடப்பதும் உண்டு. எங்கள் தெருவில் ஒருவர் எட்டு மாதம் அலைந்துவிட்டு, நூறு நாள் வேலைக்காக முன்பு திறந்த கணக்கில் போய்ப் பார்த்தார். அங்கே கிடந்தது.

அதுவும் இல்லையென்றால் கலெக்டர் தலைமையில் மாவட்டக் குறைதீர் குழு இருக்கிறது. மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். ரசீது, அடங்கல், பாஸ்புக் நகல் மூன்றையும் மனுவோடு பின் அடித்து, மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதை ஜெராக்ஸ் எடுத்து வைப்பது அவசியம். அந்தத் தெர்மல் பேப்பர் மாசி வருவதற்குள் வெள்ளைக் காகிதமாகிவிடுகிறது.